பூசையிலை வச்ச துவக்கு

பின்னேரம் ஐஞ்சே முக்கால். ரெண்டு வருசத்துக்கு முந்தின நவம்பர். லிண்ட்சே எண்ட சின்ன ரவுணையும் தாண்டி, பேருக்குப் பதிலா நம்பர் போட்டிருக்கிற ஒரு ரோட்டு. ரெண்டு பக்கமும் சோளம் வெட்டி முடிஞ்ச வயல். லைற் இல்லை... வீடு இல்லை... போனிலை சிக்னலும் இல்லை. அந்த இருட்டுக்குள்ளை ஒரேயொரு கார் போகுது.

டேய் லக்ஷன், கத்தியைக் கீழை வை. மான் எங்கையும் ஓடாது, அது செத்து ரெண்டு நாள். இறைச்சியைப் பிறகு பங்கு போடலாம். இப்ப நீதானே சொன்னனி, "என்ரை வேட்டைத் துவக்கு குளோசெற்றிலை மேல் தட்டிலை கிடக்கு அக்கா, பிள்ளைக்கு எட்டாது" எண்டு? அதைக் கேட்டதிலை இருந்து எனக்குப் பத்திக்கொண்டு வருது. உன்ரை வீட்டுக் கராச்சிலை இருந்துகொண்டு உன்னைப் பேசக் கூடாதெண்டு பொறுத்துப் பாத்தன். ஏலாமல் கிடக்கு. கதவை இன்னும் கொஞ்சம் இறக்கு, குளிர் அடிக்குது. பிள்ளையள் எல்லாம் மேலைதானே? சரி, கிட்ட வாங்கோ.

சீமோன் அண்ணை, நீங்கள் சிரிக்கிறியள். சிரியுங்கோ. இந்த றஜிதா பேய்க் கதை சொல்லப் போறாள் எண்டுதானே? ஓம், பேய்க் கதைதான். ஆனால் ஒண்டைக் கேளுங்கோ. நான் துவக்குக்கு எதிரி இல்லை. எனக்கும் லைசென்ஸ் இருக்கு. உந்த மானிலை பட்ட ரெண்டு வெடியிலை ஒண்டு என்ரை எண்டு உங்களுக்குத் தெரியும். அதாலை என்னைப் பயந்தவள் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது.

இது நான் கண்ணாலை கண்டதில்லை. கண்டவளின்ரை வாயாலை கேட்டது. என்னோடை வேலை செய்யிற நிரோஷினி, ரெக்ஸ்டேலிலை இருக்கிறாள். அவளின்ரை தங்கச்சி துவாரகா. அந்தக் காரிலை இருந்தது துவாரகாவும் அவளின்ரை புருசன் பிரசாந்தும். பின் சீற்றிலை மகள் அட்சயா, அப்ப ஐஞ்சு வயது, நித்திரை. அஜின்கோர்ட்டிலை வீடு. பிரசாந் எலக்ட்ரீசியன். நல்ல பொடியன், சொன்னால் கேக்க மாட்டான், அவ்வளவுதான் குறை. லக்ஷன், உன்னை மாதிரித்தான் எண்டு வையேன்.

பிரசாந்துக்கு அந்த வருசம்தான் வேட்டைப் பைத்தியம் பிடிச்சது. கோர்ஸ் செய்து, சோதனை பாஸ் பண்ணி, லைசென்ஸும் எடுத்திட்டான். பழைய துவக்கு ஒண்டு விற்பனைக்கு எண்டு விளம்பரம் பாத்து, அதை வாங்கத்தான் அந்த ரோட்டாலை போறாங்கள். போய்ச் சேந்தால், தனிய ஒரு வீடு. வாசலிலை ஒரு வெள்ளைக்காரி நிண்டாவாம். அறுபது வயது இருக்கும். தாய் செத்துப் போச்சாம், வீட்டை விக்க முதல் சாமான்களை ஒவ்வொண்டாக் கழிக்கிறாவாம். பிரசாந்தின்ரை லைசென்ஸை வாங்கிப் பாத்து, போன் அடிச்சு விசாரிச்சு, எல்லாம் முறையாச் செய்தவ. ஆனால் துவக்கை எடுக்க மட்டும் அவ உள்ளுக்கை போகேல்லை. "அம்மாவின்ரை அறையிலை, கதவுக்குப் பின்னாலை நிக்குது, நீயே போய் எடு" எண்டிட்டாவாம். அவன் போய் எடுத்துக்கொண்டு வந்தான். விசையிலை பெரிய பூட்டொண்டு போட்டிருந்தது. சாவியை நூலிலை கட்டித் தந்தவவாம்.

துவக்கை டிக்கியிலை வச்சிட்டு அவன் ஏற, அந்த மனிசி காருக்குக் கிட்ட வந்து குனிஞ்சு பாத்தாவாம். பின் சீற்றிலை கிடந்த அட்சயாவைக் கண்ட உடனை முகம் ஒரு மாதிரிப் போச்சுதாம். "பிள்ளை இருக்கெண்டு நீங்கள் சொல்லேல்லையே..." எண்டாவாம். பிறகு துவாரகாவின்ரை பக்கக் கண்ணாடியைப் பிடிச்சுக்கொண்டு, "பூட்டைக் கழட்ட விடாதை. கழட்ட விடாதை" எண்டு ரெண்டு தரம் சொன்னவவாம். பிரசாந் காரை எடுத்திட்டான். அவனுக்கு அந்த இருட்டு ரோட்டை விட்டு ஹைவேக்கு வர வேணும்.

வாற வழியிலை காருக்குள்ளை ஒரு மணம். சினோப் பனியிலை விளையாடின ஈரக் கம்பளிக் கையுறையை ஹீட்டருக்கு மேலை காயப் போட்டால் ஒரு மணம் வருமே... அதுதான். அண்டைக்கு சினோ இல்லை. காரிலை ஒருத்தரிட்டையும் கையுறையும் இல்லை. துவாரகா யன்னலைத் திறந்துவிட்டவள், போகேல்லை.

வீட்டுக்கு வந்து பிரசாந் செய்ததிலை நான் ஒரு பிழையும் சொல்ல மாட்டன். பேஸ்மென்றிலை இரும்பு அலுமாரி. அதிலை தொங்குற ஒரு ஆமைப்பூட்டு. துவக்கிலை விசைப் பூட்டு. தோட்டா எல்லாம் மேலை, வேறை பெட்டியிலை, வேறை சாவி. கோர்ஸிலை என்ன சொல்லித் தந்தாங்களோ அப்பிடியே வச்சவன்.

அடுத்த நாள் பின்னேரம் ஆறு பத்துக்கு, கீழை இருந்து ஒரு சத்தம்.

கிடுக்... கிடுக்.

ரெண்டே ரெண்டு தரம். பிறகு ஒண்டுமில்லை. துவாரகா இறங்கிப் போய்ப் பாத்தாள். அலுமாரி பூட்டினபடி. ஆனால் ஆமைப்பூட்டு மெல்ல ஆடிக்கொண்டு நிண்டதாம். ஆரோ பிடிச்சு இழுத்துப் பாத்திட்டு விட்ட மாதிரி. அடுத்த நாளும் ஆறு பத்துக்கு கிடுக், கிடுக். அதுக்கு அடுத்த நாளும். பிரசாந்திட்டைச் சொன்னால், "வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் ஓடத் துவங்கேக்கை சுவர் அதிருது" எண்டான். எலக்ட்ரீசியனுக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்.

என்ன சீமோன் அண்ணை? மார்ச்சிலை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு மாத்தேக்கை பேய் என்ன செய்ததோ? நக்கலுக்குக் கேட்டாலும் நல்ல கேள்வி. துவாரகாவும் பாத்தவள். மணிக்கூட்டை மாத்தின அண்டைக்கும் புது நேரத்துக்கு, சரியா ஆறு பத்துக்குத்தான் இழுத்தது. இப்பச் சிரியுங்கோ பாப்பம்.

பயந்து எங்கையாவது ஓடினாளோ எண்டு கேப்பியள். இல்லை. வீட்டுக் கடன், வேலை, பிள்ளையின்ரை டான்ஸ் கிளாஸ்... ஆருக்கு நேரம் கிடக்கு? மனிசர் எல்லாத்துக்கும் பழகிப் போவினம். ஒரு மாதம் போக, அந்தச் சத்தம் அவளுக்கு மணி அடிக்கிற மாதிரி ஆச்சுது. கிடுக், கிடுக் கேட்டால் சோத்துக்கு அரிசி போடுவாள். பூட்டு நிண்டு பிடிக்குதெல்லோ, எது எண்டாலும் இழுத்துப் பாத்திட்டுப் போகட்டும் எண்டு விட்டிட்டாள். பதினொரு மாதம், ஒரு நாள் தவறேல்லை.

இனித்தான் விசர் வேலை வருது. எங்கடை ஆக்களைத் தவிர வேறை ஆரும் உந்த விசர் வேலையைச் செய்ய மாட்டாங்கள்.

போன வருசம் ஆயுத பூசை. மேல் மாடியிலை, படி ஏறின உடனை இருக்கிற சின்ன அறைதான் அவையின்ரை சாமி அறை. மேசையிலை வெள்ளைத் துணி விரிச்சு, கலைவாணி படம், கும்பம், அவல், கடலை. அட்சயாவின்ரை பள்ளிக்கூடப் புத்தகம், சலங்கை. பிரசாந்தின்ரை ட்ரில், குறடு, மீற்றர். எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். எங்கடை வீடுகளிலையும் உதுதானே நடக்குது. அண்டைக்குக் காலமை, பிரசாந் பேஸ்மென்றாலை ஏறி வாறான், தோளிலை துவக்கு.

"ஆயுத பூசையிலை ஆயுதத்தை வைக்காமல் ட்ரில்லையும் குறடையும் வச்சுக் கும்பிடுறமே" எண்டானாம். அடுத்த மாதம் மான் சீசன், நல்லபடியாக் கிடைக்கோணுமாம். துவாரகா சொன்னாள், வைக்கிறதெண்டால் பூட்டோடை வையுங்கோ எண்டு. அவன் சிரிச்சான். "வாணிக்கு முன்னாலை விலங்கு போட்டோ வைக்கிறது? பூட்டின ஆயுதத்துக்கு என்ன பூசை?" சொல்லிக்கொண்டே சாவியைப் போட்டுத் திருகி, விசைப் பூட்டைக் கழட்டித் தாம்பாளத்திலை வச்சான். தோட்டாப் பெட்டியையும் கொண்டுவந்து பக்கத்திலை வச்சு அதுக்கும் ஒரு பொட்டு. போல்ற்றை இழுத்து, துவக்கு வெறுமை எண்டு ரெண்டு தரம் காட்டினவன். அதை நான் ஒளிக்கேல்லை. காட்டினவன்.

"சரி, பூசை முடிய எடுத்துப் பூட்டுங்கோ" எண்டாள். அவன் என்ன சொன்னான் தெரியுமோ? பூசையிலை வச்சதை விஜயதசமிக் காலமை வரைக்கும் அசைக்கக் கூடாதாம். அசைச்சால் குடும்பத்துக்குக் கூடாதாம். ஒரு இரவுதானே, ஆர் வரப் போகினம்?

அட, வீட்டிலை ஆறு வயதுப் பிள்ளை ஒண்டு இருக்கடா! அந்தப் பிள்ளையின்ரை புத்தகம் துவக்குக்குப் பக்கத்திலை கிடக்கு! அதை எடுக்க அதுதான் அந்த அறைக்குள்ளை வரும்! இதை யோசிக்க ஒரு மூளை வேணுமோ? எனக்கு இப்ப நினைச்சாலும் அவன்ரை கன்னத்திலை ரெண்டு போடோணும் போலை கிடக்கு. ஆனால் துவாரகாவும் விட்டுக் குடுத்தவள். நல்ல நாளிலை என்னத்துக்குச் சண்டை எண்டு வாயை மூடிக்கொண்டு, துவக்கின்ரை கட்டையிலை தானும் ஒரு குங்குமப் பொட்டு வச்சவள். அதைச் சொல்லிச் சொல்லி அவள் என்னட்டை அழுதவள். தன்ரை கையாலை வச்சனாம்.

பின்னேரம் பிரசாந் காருக்குப் பூசை செய்விக்கக் கோயிலுக்குப் போட்டான். அண்டைக்குக் கோயிலிலை கார் வரிசை எப்பிடி நிண்டிருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். வீட்டிலை துவாரகாவும் அட்சயாவும் மட்டும். துவாரகா குசினியிலை பின்னேரப் படையலுக்குக் கடலை தாளிக்கிறாள். கடுகு வெடிக்குது. கறிவேப்பிலை போடுறாள். மைக்ரோவேவிலை நேரம் ஆறு ஒன்பது... ஆறு பத்து.

கை தானா அரிசிப் பேணிக்குப் போச்சுதாம். சத்தத்துக்குக் காத்துக்கொண்டு நிண்டாள்.

ஆறு பதினொண்டு.

சத்தம் இல்லை.

அடுப்பை நூத்தாள். மேலை ஓடின ஃபானை நிப்பாட்டினாள். வீடு அப்பிடியே அடங்கிப் போய்க் கிடக்கு... கீழை இருந்து ஒரு சின்ன அசுமாத்தம்கூட இல்லை. பதினொரு மாதத்திலை முதல் தரம். அப்பதான் அவளுக்குத் தலையிலை அடிச்ச மாதிரி விளங்கினது. இழுத்துப் பாக்கக் கீழை பூட்டு எதுக்கு? துவக்குத்தான் மேலை, திறந்தபடி கிடக்கே.

"அட்சு..." எண்டு கூப்பிட்டாள். பதில் இல்லை.

லக்ஷன், எழும்பு.

இல்லை, பகிடி விடேல்லை. எழும்பு. மிச்சக் கதை வேணுமெண்டால் முதல் மேலை போய் உன்ரை துவக்கை எடுத்துப் பூட்டிப்போட்டு வா. பூட்டு இருக்கோ? இருக்கு, பெட்டியோடை கிடக்குதாம், பிரிக்கேல்லையாம். கேளுங்கோ சீமோன் அண்ணை, வாங்கி ரெண்டு வருசம், பிரிக்கேல்லையாம்! போ. சாவியைக் கொண்டுவந்து என்ரை கையிலை தா. நீ வரும்வரைக்கும் நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டன். முறைக்காதை. உன்ரை வீடுதான், உன்ரை துவக்குத்தான், அதாலைதான் சொல்லுறன். போ எண்டால் போ!

...

அண்ணை, அந்தப் பிளாஸ்க்கிலை தேத்தண்ணி கிடக்கோ? கொஞ்சம் ஊத்துங்கோ.

...

வந்திட்டான். ஏனடா முகம் வெளிறிப் போய்க் கிடக்கு? என்ன? ... குளோசெற்றுக்குள்ளை கதிரை நிண்டதோ? ஆர் இழுத்து வச்சது, நீயோ? நீயும் இல்லை, மனிசியும் இல்லை. அப்ப உன்ரை மகன்தான். நாலு வயதுப் பொடியனுக்கு எட்டாதெண்டு சொன்னாய் என்ன? எட்டாட்டில் கதிரை போடுவான், கதிரை காணாட்டில் மேசை போடுவான். பிள்ளையள் எண்டால் அப்பிடித்தான். இரு. இந்தா, தேத்தண்ணியைக் குடி. பூட்டியாச்செல்லோ? தோட்டாவையும் வேறையா வச்சாச்செல்லோ? சாவியைத் தா. நாளைக்குத் தருவன்.

சரி. துவாரகா.

ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஏறினவளாம். சாமி அறைக் கதவு சாத்திக் கிடக்கு. கதவிடுக்காலை சாம்பிராணி மணம்... அதுக்கும் மேலாலை ஈரக் கம்பளி மணம். கதவைத் தள்ளினாள்.

விளக்கு எரியுது. மேசையிலை துவக்கைக் காணேல்லை. பாயிலை அட்சயா சம்மணம் கட்டி இருக்கிறாள். துவக்கின்ரை கட்டை நிலத்திலை, குழல் வாய் பிள்ளையின்ரை முகத்துக்கு நேரை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளுக்கை எட்டிப் பாக்கிறாள். பெருவிரல் விசையிலை. பக்கத்திலை ஒரு குஷன், ஆரோ இருக்கிற மாதிரி நடுவிலை அமுங்கிக் கிடக்கு. பிள்ளை அந்தப் பக்கம் திரும்பித் தலையாட்டுது. ஆரோ சொல்லிக் குடுக்கிறதைக் கேக்கிற மாதிரி.

தாயைக் கண்டிட்டு, நிமிராமலே, "பொறுங்கோ அம்மா... இட்ஸ் மை டேர்ன்" எண்டுதாம்.

கத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு யோசியுங்கோ. பிள்ளை திடுக்கிட்டால் விரல் இறுகும். துவாரகா கத்தேல்லை. எப்பிடித்தான் முடிஞ்சுதோ தெரியாது, குரலை உயத்தாமல், "அட்சு, அம்மாவைப் பார். கையை எடு. அம்மாவை மட்டும் பார்" எண்டு சொல்லிச் சொல்லிக் கிட்டப் போனாளாம். முழங்காலிலை இருந்து, இடக்கையாலை குழலைச் சுவர்ப் பக்கம் தள்ளி, வலக்கையாலை பிள்ளையின்ரை விரலை எடுத்துவிட்டாள். பிள்ளை விட்டிட்டுது. துவக்கு வரேல்லை.

மற்றப் பக்கத்தாலை ஆரோ பிடிச்சிருக்கினம்.

ஒருக்கா இழுத்தது. இன்னொருக்கா இழுத்தது. அதே ரெண்டு இழுவை. அவளின்ரை விரலுக்கு மேலை சின்னதா, குளிரா, ஈரமா ஒண்டு பொத்திக்கொண்டிருந்ததாம். கம்பளி. கண்ணுக்கு ஒண்டும் தெரியேல்லை.

நாங்கள் எண்டால் என்ன செய்வம்? முருகா எண்டு விழுந்திருப்பம். அவள் விடேல்லை. பல்லைக் கடிச்சுக்கொண்டு, அந்த வெறுங் குஷனைப் பாத்துச் சொன்னாளாம்.

"விடு. விடு எண்டுறன். உன்ரை வீட்டிலை ஆர் பூட்டாமல் விட்டவையோ அவையிட்டைப் போய்க் கேள். அது உன்ரை பிழை இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் என்ரை பிள்ளைக்கு இந்த விளையாட்டு இல்லை. இந்த வீட்டிலை ஒருத்தருக்கும் டேர்ன் இல்லை. நான் உயிரோடை இருக்கிற வரைக்கும் இல்லை. விடு!"

அப்பிடியே நிண்டது... பிறகு மெல்லக் கை தளந்ததாம். குஷனிலை அமுங்கின இடம் தானா மேலை எழும்பி வந்ததாம். அவள் துவக்கோடை பின்னாலை விழுந்தாள். விழுந்த வேகத்திலை தாம்பாளம் தட்டுப்பட்டு அவலும் கடலையும் பாய் முழுக்கக் கொட்டுண்டு போச்சுது. அதுக்குள்ளை கிடந்த விசைப் பூட்டைப் பொறுக்கி, அதைப் போட்டுப் பூட்டி, சாவியைத் தாலிக் கொடியிலை கோத்திட்டாள். பிறகுதான் பிள்ளையைக் கட்டிப் பிடிச்சு அழுதவளாம்.

பிரசாந் வாறான், நெத்தியிலை சந்தனத்தோடை. அறையைப் பாத்தான். "பூசையிலை இருந்ததை எடுத்திட்டியோ? குடும்பத்துக்குக் கூடாதெண்டு சொன்னனெல்லோ!"

"குடும்பம் இருந்தால்தானே அதுக்குக் கூடாது" எண்டாளாம். நடந்ததைச் சொன்னாள். அவன் பேயை நம்பேல்லை. பிள்ளை துவக்கோடை இருந்ததெண்ட உடனை படியிலை குந்தினவன்தான். அவள் போனை எடுத்துப் பொலிசுக்கு அடிச்சாள், வந்து துவக்கைக் கொண்டு போகச் சொல்லி. அப்ப எழும்பினான். பொலிஸ் கார் வாசலிலை நிண்டால் அயல் என்ன சொல்லும், சனம் என்ன கதைக்கும், உனக்கு விசரோ எண்டு துவங்கினான்.

"கதைக்கட்டும்" எண்டாளாம். "உந்தத் துவக்குக்குப் பயந்துதானே எங்கடை அம்மா அப்பா எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்தவை. இஞ்சை கொண்டுவந்து நீங்கள் அதுக்குப் பொட்டு வைக்கிறியள். நானும் சேந்து வச்சன். இனி வைக்க மாட்டன். அயல் வேணுமோ, அட்சயா வேணுமோ, சொல்லுங்கோ."

அவன் போய் வாசல் லைற்றைப் போட்டுவிட்டான்.

ரெண்டு பொலிஸ் வந்தவை. அதிலை ஒரு பொம்பிளை. துவாரகா சாவியைக் குடுக்க, அவ பூட்டைக் கழட்டி, குழலைச் சுவர்ப் பக்கம் பிடிச்சு போல்ற்றை இழுத்தா.

குசினி மேசையிலை ஒரு தோட்டா விழுந்து உருண்டது.

"நான் ரெண்டு தரம் பாத்தனான்... ரெண்டு தரம் பாத்தனான்..." பிரசாந் அதையே சொல்லிக்கொண்டு நிண்டானாம். பொலிஸ்காரி அவன்ரை தோட்டாப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாத்தா. இருவது. புதுப் பெட்டி, ஒண்டும் குறையேல்லை. உருண்டு கிடந்தது இருவத்தோராவது. அதின்ரை பித்தளை பச்சை பாரிச்சுக் கிடந்ததாம். எங்கையிருந்து வந்ததெண்டு அவ கேட்டா. ஒருத்தருக்கும் தெரியாது. பையிலை போட்டு, துவக்கோடை சேத்துக் கொண்டு போட்டினம். பிரசாந் அழுதானாம். நாங்கள் ஆம்பிளை அழுதால் ஒரு மாதிரிப் பாப்பம், ஆனால் அண்டைக்கு அவன் அழுததுதான் சரி.

அண்டிரவு அந்த வீட்டிலை படுக்க ஏலாதெண்டிட்டாள் துவாரகா. நீங்கள் கூட்டித் துடையுங்கோ, நான் அக்காவிட்டைப் போறன் எண்டு பிள்ளையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டாள். மணி எட்டே முக்கால். பையை முன் சீற்றிலை வச்சாள். அட்சயாவைப் பின்னாலை அவளின்ரை சீற்றிலை இருத்தி, பெல்ற்றைத் தானே போட்டு இழுத்துப் பாத்தாள். ஃபோர் ஓ வன் ஹைவேயிலை ஏறி ரெக்ஸ்டேல் பக்கம் ஓடுறாள். மழை தூறுது. வைப்பர் சத்தம் மட்டும்.

கீல் ரோட்டு எக்ஸிற்றைத் தாண்டேக்கை கார் மணி அடிக்கத் துவங்கினது.

டிங்... டிங்... டிங்...

முன்னாலை சிவப்பு லைற். பின் சீற்றிலை ஆரோ பெல்ற் போடேல்லையாம். கண்ணாடியிலை பாத்தாள். அட்சயா பெல்ற்றோடைதான் இருக்கிறாள். பக்கத்துச் சீற் வெறுமை. பையும் இல்லை, பொம்மையும் இல்லை.

"அம்மா" எண்டுதாம் பிள்ளை. "அவ கேக்கிறா."

துவாரகா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சாள்.

"தன்ரை டேர்ன் வந்த நேரம் தன்ரை அம்மா கீழை ரீவி பாத்துக்கொண்டிருந்தவவாம். வரேல்லையாம். என்ரை அம்மா மட்டும் ஏன் வந்தவ எண்டு கேக்கிறா."

டிங்... டிங்... டிங்...

காரை ஓரம் கட்டேல்லை அவள். இறங்கி ஓடேல்லை. தேவாரம் பாடேல்லை. கண்ணாடியிலை அந்த வெறுஞ் சீற்றை நேரை பாத்துச் சொன்னாளாம்.

"வாறதெண்டால் வா. ஆனால் என்ரை காரிலை பெல்ற் போட்டுத்தான் இருக்கோணும்."

டிங்... டிங்...

பிறகு பின் சீற்றிலை, மெல்ல... கிளிக்.

டிங் சத்தம் நிண்டிட்டுது.